தெல்தெனியக் காலடிகளின் வயது

இராஜகுமாரி வேலை செய்த அறைக்குச் சன்னல் கிடையாது. கதவும் ஒன்றல்ல, இரண்டு. வெளிக்கதவை அடைத்த பிறகுதான் உள்கதவைத் திறக்கலாம். உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும். அந்த வெளிச்சத்தில் அவள் மணலைச் சலிப்பாள், அமிலத்தில் கழுவுவாள், காயவைப்பாள். பகல் வெளிச்சம் ஒரு கணம் பட்டாலும் அந்த மணல் பயனற்றுப் போய்விடும்.

கண்டிக்கு வெளியே, மகாவலியைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருந்தது அந்த ஆய்வுகூடம். பழைய மண்ணின் வயதைக் கணிப்பதற்கென்று அங்கே ஒரு பிரிவு இருந்தது. மடுல்கெல்லயில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் இராஜகுமாரி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிப்போக, இங்கே உதவியாளராக வந்து சேர்ந்தாள். "இருட்டுக்குள்ள உட்காந்து மண்ணு அலசுறதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று அவளுடைய அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். சொந்தக்காரர்களும் அப்படித்தான். வேலை என்னவென்று கேட்பார்கள். அவள் சொல்லத் தொடங்கியதும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்டவர் ஒரே ஒருவர். அவளுடைய கணவர் அழகமுத்து.

அழகமுத்துவுக்குக் கண்டி நகரில் கொப்பி, பேனா விற்கும் சின்னக் கடை இருந்தது. கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபராகவும் இருந்தார். கோயில் தேர், பஸ் விபத்து, மண்சரிவு என்று அவர் அனுப்பும் செய்திகள் உள்பக்கத்தின் மூலையில் நாலு வரியாகச் சுருங்கி வரும். அந்த நாலு வரியையும் வெட்டி ஒட்டி வைத்திருந்தார். மாலையில் அவள் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு என்ன மண்ணு?" என்று கேட்பார். புத்தளத்து மணல், பெலிகுல் ஓயா மணல் என்று அவள் சொல்லச் சொல்ல, நடுவில் குறுக்கிடாமல் கேட்பார். கலியாணமாகிப் பிள்ளையில்லாமல் ஓடிப்போன ஆண்டுகளில் அவளுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. குடிக்கிற புருஷன், அடிக்கிற புருஷன் என்று தோட்டத்தில் அவள் பார்த்த ஆண்களோடு ஒப்பிட்டால், கேட்கிற புருஷன் கிடைத்தது பெரிய பேறு என்றே நினைத்திருந்தாள்.

மழை இரண்டு போகமும் பொய்த்த ஓர் ஆண்டில் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றிக்கொண்டே போனது. நீருக்குள் மூழ்கிக் கிடந்த பழைய தெல்தெனிய ஊரின் சுவர்கள் வெளியே தெரிந்தன. சனம் வான் வண்டி பிடித்துப் போய்ப் பார்த்தது. அந்தச் சமயத்தில் ஊருக்குச் சற்று அப்பால், நீர் வடிந்த கரையில் வெள்ளரி போட்டிருந்த ஜமால்தீன் என்பவர் வாய்க்கால் வெட்டினார். மண்வெட்டி பட்டு, இறுகிய களிமண் அடுக்கு ஒன்று பலகைபோலப் பெயர்ந்து வந்தது. அதன் கீழே மனிதக் காலடிகள் பதிந்திருந்தன.

அவர் கிராம சேவகரிடம் போய்ச் சொன்னார். செய்தி ஆய்வுகூடத்துக்கு வந்தது. பிரிவின் தலைவர் பேராசிரியர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். இராஜகுமாரியையும் வானில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே புறப்பட்டார்.

அந்தக் காலடிகளின் ஓரத்தில் அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரோ ஒருவர் மேட்டிலிருந்து இறங்கி, இப்போது இல்லாத ஒரு குளத்தின் ஓரம்வரை வந்திருந்தார். அங்கே சற்று நின்றிருந்தார். குதிகால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. பிறகு வந்த வழியே திரும்பிப் போயிருந்தார். இடது காலின் சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டுத் தள்ளி நின்றது. வந்த தடங்களைவிடப் போன தடங்கள் ஆழமாக இருந்தன.

"தண்ணி அள்ளிக்கொண்டு போயிருக்க வேணும்," என்றார் வீரசிங்கம், குனிந்தபடியே.

ஜமால்தீன் தலைத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "எத்தின வருஷம் ஈக்கும் சேர்?"

"காலடிக்கு வயசு பாக்கேலாது. காலடி எண்டது ஒரு பள்ளம்தானே, பள்ளத்தில எதை எடுத்து அளக்கிறது? கீழ கிடக்கிற மண்ணுக்கு வயசு பாப்பம். மேல மூடின மண்ணுக்கும் பாப்பம். கீழ உள்ளதுக்குப் பிறகு, மேல உள்ளதுக்கு முன்னம். அந்த இடைக்குள்ளதான் இந்த ஆள் நடந்திருக்கிறார்."

காலடிக்கு மேலும் கீழுமாக, வெட்டுமுகத்தில் இரும்புக் குழாய்களை அடித்து இறக்கினார்கள். வெளிச்சம் புகாதபடி இரு முனைகளையும் உடனே கறுப்புத் துணியால் இறுக்கிக் கட்டினாள் இராஜகுமாரி. தடங்களின் அடியில் நசுங்கிக் கிடந்த நீர்ச்செடி விதைகளையும் எடுத்துச் சின்னப் போத்தல்களில் போட்டார்கள். மேல் அடுக்கில் அடுப்புக்கரிபோல ஒரு துண்டு அகப்பட்டது, அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் ஜமால்தீனின் வீட்டில் சோறு. அவருடைய மனைவி சகீனா பிலாக்காய்க் கறியும் கருவாட்டுப் பொரியலும் வைத்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஜமால்தீன் இராஜகுமாரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ், ஒரு விஷயம். இது வெளிய போனா சனம் புதையல் எண்டு வந்திரும். போன முறை மேல வளவுல ஒரு பழைய கல்லு கண்டதுக்கே ராவோட ராவா வந்து வெட்டிப் போட்டாங்க. எனக்கி ஈக்கிறது இந்த வெள்ளரிக் கண்டம் மட்டும்தான்."

"எங்க பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது, ஜமால்தீன் நானா," என்றாள் அவள். "வேலை முடியிற வரைக்கும் நான் பொறுப்பு."

ஏன் அப்படிப் பொறுப்பேற்றாள் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. அந்தச் சோற்றின் ருசியாகவும் இருக்கலாம். தடங்களுக்குமேல் மணல் பரப்பி, தார்ப்பாய்ப் படங்கு விரித்து, மண்மூட்டைகளை அடுக்கிவிட்டுத் திரும்பினார்கள்.

அன்று மாலை அழகமுத்து வழக்கம்போலக் கேட்டார். அவளும் சொன்னாள். இருட்டறையில் அந்த மணலுக்கு என்ன செய்வார்கள் என்பதையும் விளக்கினாள்.

"மணலுக்குள்ள இருக்கிற பளிங்குத் துகள் வெயில் படும்போது வெறும் பாத்திரம் மாதிரிங்க. மண்ணுக்குள்ள புதைஞ்சதும் சுத்தியிருக்கிற மண்ணோட கதிர்வீச்சு கொஞ்சங் கொஞ்சமா அதுல சேர ஆரம்பிக்கும். வருஷம் போகப் போக நிறையும். நாங்க இருட்டுல எடுத்து அதுமேல ஒளியைப் பாய்ச்சினா, சேர்த்து வச்சதை மினுக்குனு வெளியில விட்டுரும். அந்த மினுக்கத்தை அளந்தா எவ்வளவு காலம் புதைஞ்சு கிடந்துச்சுனு கணக்குப் போடலாம்."

"அப்ப வெளிச்சம் பட்டா?"

"பாத்திரத்தைக் கவுத்த மாதிரிதான். எல்லாம் போயிரும்."

அழகமுத்து தலையை ஆட்டினார். "மண்ணுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கா," என்றார். அவள் சிரித்தாள்.

மணல் வேலை மெதுவான வேலை. நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடந்த மண் என்பதால் ஈரக் கணக்கும் சிக்கலாக இருந்தது. ஈரம் கதிர்வீச்சை மட்டுப்படுத்தும். வெளிநாட்டுக்கு அனுப்பிய விதைகளின் முடிவுதான் முதலில் வந்தது. பன்னிரண்டாயிரம் ஆண்டு.

ஆய்வுகூடத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு துள்ளல். வீரசிங்கம் மட்டும் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். "உந்த முடிவை ஒருத்தரும் வெளிய கதைக்கக் கூடாது. தண்ணிச் செடியை நம்பேலாது. மணலும் கரியும் வரட்டும்."

அடுத்த நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டின்போது அழகமுத்து கேட்டார். அவள் மறைக்கவில்லை. அவரிடம் மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. புருஷன் வெளி ஆள் என்று அவள் கணக்கில் இல்லை.

"விதையில பன்னிரண்டாயிரம்னு வந்திருக்கு. ஆனா அந்த நம்பர் பொய் சொல்லுதுனு சேர் நினைக்கிறாரு. விதைக்கு அதுல இருக்கிற கரிச்சத்தை வச்சுத்தான் வயசு பாப்பாங்க. திகனப் பக்கமெல்லாம் சுண்ணாம்புக் கல்லு. மழைத்தண்ணி அதுல ஊறி வருது. கல்லுல இருக்கிற கரி ரொம்ப ரொம்பப் பழசு. தண்ணிக்குள்ள வளர்ற செடி அந்தக் கரியைக் குடிச்சு வளர்ந்தா, நேத்து முளைச்சதுகூட ஆயிரக்கணக்கான வருஷம் பழசுனு காட்டும். இப்ப அங்க உயிரோட இருக்கிற செடியையே அனுப்பிப் பாக்கப் போறோம். இதை யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. அந்த நானாவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்," என்று அழகமுத்து இன்னும் கொஞ்சம் இரசம் கேட்டார்.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அது வந்தது. 'தெல்தெனியவில் பன்னிரண்டாயிரம் ஆண்டு பழைமையான காலடிகள், ஆய்வுகூடம் உறுதி.' கீழே, கண்டி நிருபர் அழகமுத்து. அவருடைய பெயர் முழுதாக அச்சில் வந்தது அதுவே முதல் தடவை. சுண்ணாம்புக் கல்லைப் பற்றியோ மணலைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. ஆய்வுகூடத்தின் பெண் ஊழியர் ஒருவர் தகவலை உறுதிப்படுத்தினார் என்றிருந்தது. இடத்துக்கு எப்படிப் போவது என்பதுவரை எழுதியிருந்தார்.

அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"நல்ல விஷயந்தானே குமாரி. நம்ம பக்கத்துக்குப் பெருமை. எடிட்டரே போன் பண்ணிப் பேசினாரு."

"அந்த நம்பர் சரியில்லைனு சொன்னேனே."

"அதெல்லாம் போட்டா யாரு படிப்பா? பிறகு திருத்தம் ஒண்ணு போட்டுக்கலாம்."

சிங்களப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. தொலைக்காட்சியும் வந்தது. தெல்தெனியக் கரையில் வான்கள் வரிசை கட்டின. ஐஸ்கிரீம்காரர் மணியடித்துக்கொண்டு நின்றார். படங்கை விலக்கித் தங்கள் காலைத் தடத்துக்குள் வைத்துப் படமெடுத்தார்கள். மண்மூட்டைகள் உதைபட்டுச் சரிந்தன. ஜமால்தீனின் வெள்ளரிக் கொடிகள் சேற்றோடு சேறாயின. பிறகு ஒரு நாள் விடிந்தபோது காலடிகள் இருந்த இடத்தில் ஆளுயரக் கிடங்கு ஒன்று இருந்தது. அவர் பயந்தபடியே புதையல்காரர்கள் வந்து போயிருந்தார்கள். களிமண் அடுக்கு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அங்கே பயிர் செய்தவர் அவர் என்பதால் பொலிஸ் ஜமால்தீனைத்தான் கூட்டிப்போய் நாள் முழுக்க மர வாங்கில் உட்கார வைத்தது.

ஆய்வுகூடம் விசாரணை வைத்தது. இராஜகுமாரியை வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அழகமுத்து அவள் தோளைத் தொட்டுச் சொன்னார்: "நானே வந்து பேசுறேன். நீ சொல்லல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. திருத்தமும் அனுப்பிட்டேன், இந்தக் கிழமை வந்திரும்." அவளுக்கு ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. அந்தக் காலை அவருடைய வெள்ளைச் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள்.

பணிப்பாளர் நீண்ட மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வீரசிங்கம். அழகமுத்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"பேப்பர்லயும் என்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க சேர். நான் இத்தனை வருஷமா பொய்ச் செய்தி அனுப்பினதே இல்ல. இவங்கதான் முடிவு வந்திருச்சு, போடலாம்னு சொன்னாங்க. இந்த வேலையில தன்னை யாரும் மதிக்கிறதில்லைனு இவங்களுக்கு ஒரு மனக்குறை. நான் நம்பித்தான் எழுதினேன்."

இராஜகுமாரி அவரைப் பார்த்தாள். அவர் மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் தடுமாற்றம் இல்லை. வீட்டில் பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைப்போல ஒப்பித்தார். அந்த மனக்குறையை என்றைக்கோ ஒருநாள் அவள் அவரிடம் அழுதுகொண்டே சொன்னது உண்மைதான். அதை எடுத்து இங்கே, இந்த மேசையில் வைப்பார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"பிள்ளை, நீர் இவருக்குச் சொன்னனீரோ?" என்று கேட்டார் வீரசிங்கம்.

"சொன்னேன் சேர். ஆனா அப்படிச் சொல்லல."

பணிப்பாளர் முதல் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டார்.

இருட்டறையிலிருந்து அவளைக் கழற்றி, கண்ணாடிப் பாத்திரம் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். வேலை போகாததே பெரிய விஷயம் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அழகமுத்து நிறையப் பேசினார். நிருபர் அட்டையைப் பறித்திருப்பார்கள், அரசாங்க உத்தியோகம் அப்படி இலேசில் போகாது, ஆகவே அவள் தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தாராம். திருத்தம் வந்தால் போதும் என்று ஒவ்வொரு ஞாயிறும் பத்திரிகையைப் புரட்டினாள். ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது, கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான், தொலைபேசி அடித்தது. பத்திரிகைக் கந்தோரிலிருந்து உதவி ஆசிரியர். அவள் திருத்தத்தைப் பற்றிக் கேட்டாள்.

"திருத்தமா? அப்படி ஒண்ணும் எங்களுக்கு வரல்லையே அக்கா," என்றது அந்தக் குரல்.

அன்று மாலை அவர் வந்தபோது அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதினதுகூடப் போகட்டும்," என்றாள். "ஆசை, எழுதிட்டீங்க. என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே அந்த ரூம்ல பேசினீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அந்த நேரத்துல வேற வழி தெரியல குமாரி."

"அன்னைக்குக் காலையிலேயே தெரிஞ்சுதானே சட்டையைத் தேய்க்கக் குடுத்தீங்க."

அவள் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டாள். குண்டசாலையில் ஒரு வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. அங்கே போன முதல் மாதங்களில் அவளைத் தின்றது கோபமல்ல, ஒரு கேள்வி. இத்தனை வருஷமும் மாலையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது அவளுக்காகவா, என்றைக்காவது ஒரு செய்தி விழும் என்பதற்காகவா? பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் பழைய மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். எது உண்மை, எது வேஷம் என்று பிரிக்கத் தெரியவில்லை. மண்ணுக்காவது மேலே கீழே என்று அடுக்குகள் இருந்தன.

குழாய்களில் எடுத்து வைத்த மணல் பத்திரமாக இருந்தது. தடங்கள் அழிந்தாலும் வயதுக் கணிப்பு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு வீரசிங்கம் பாத்திரம் கழுவும் அறைக்கு வந்து, கதவோரம் நின்றார்.

"ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ வருது. மேல் மணலும் கீழ் மணலும் கரியும் ஒத்து நிக்குது. உயிரோட இருக்கிற செடியே ஆறாயிரம் பழசு எண்டு காட்டுது. விதை சொன்னதில பாதி, கல்லின்ர வயசு." கதவை விட்டு ஓரடி உள்ளே வந்தார். "உமக்குச் சொல்லோணும் எண்டு நினைச்சன்."

"சேர், நான்தான் எழுதச் சொன்னேன்னு நீங்க நம்புனீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பினதோ இல்லையோ, கதை வெளிய போனது போனதுதானே பிள்ளை." பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அறிக்கையில் கண்டெடுத்தவர் என்று ஜமால்தீனின் பெயரைப் போட வேண்டும். அவர் சம்மதம் தேவை. ஆய்வுகூடத்து ஆட்கள் போனால் முகம் கொடுக்கிறாரில்லை. அவளுக்குத்தான் வீட்டாரைத் தெரியும்.

அவள் போனாள். மழை திரும்பியிருந்தது. காலடிகள் இருந்த இடம், கிடங்கு, வெள்ளரிக் கண்டம் எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் நின்றது. ஜமால்தீன் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. சகீனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை விட்டாள்.

அவள் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். ஆறாயிரம் ஆண்டு என்றாள்.

"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யா?"

"பொய் நானா."

"பொய்யைச் சொல்லியா என்ட கண்டத்தை வெட்ட வச்ச?" அவர் குரலை உயர்த்தவில்லை. "போட்டவர் உங்கட மாப்பிள எண்டு பிறகுதான் தெரிஞ்சது. நீங்க எங்கட வீட்டுல சோறு திண்ட மிஸ். நான் வாக்குக் கேட்டது சேர்ட்ட இல்ல, உங்கள்ட்ட."

தன்னையும் ஒருவர் ஏமாற்றியதை அவள் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வாய்க்கு வரவில்லை. அவளுக்கு அழகமுத்து எப்படியோ, ஜமால்தீனுக்கு அவள் அப்படித்தான். அது அவளுக்கு விளங்கியது.

"பேர் போடலாமா நானா?"

"வேணாம். என்ட பேர் அதுல வர வேணாம்."

அறிக்கையில் உள்ளூர்வாசி ஒருவர் என்று மட்டும் வந்தது. சில நாள் கழித்து, வேலைக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் இருந்தவர் பிரித்த பத்திரிகையில் இராஜகுமாரி அந்தத் தலைப்பைப் பார்த்தாள். தெல்தெனியக் காலடிகளின் வயது ஆறாயிரம் ஆண்டு. செய்தி உள்பக்கத்தில், ஆனால் நாலு வரியல்ல, அரைப் பக்கம். இந்தக் காலடிகளை முதன்முதலில் உலகுக்குத் தெரியப்படுத்தியவர் எமது கண்டி நிருபரே என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அவருடைய படம்.

"பாத்திட்டுத் தரவா அக்கா?" என்றார் பத்திரிகை வைத்திருந்தவர், அவள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு.

"வேணாம்," என்றாள் இராஜகுமாரி. இறங்குகிற இடத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. எழுந்து முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.